சதுரத்துக்குள் இருக்கிறவர்

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. எடுத்தால் உன் அம்மா கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறாள். நான் "ம்" என்றால் எதற்கு "ம்" என்கிறாள். "சரி" என்றால் யாரோடு என்ன சரி என்கிறாள். போன வாரம் நீ மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, "ராத்திரிக்குக் கலந்து குடுத்துடறேன்" என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அவள் சாப்பாட்டையே தொடவில்லை. நான் யாரோடோ சேர்ந்து விஷம் வைக்கத் திட்டம் போட்டேனாம். தபால்காரரைக் கண்டால் மட்டும் முகம் மலர்கிறது. ஆகையால் இனிமேல் கடிதம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னைப் படிக்கவைத்த அவசரத்தில் நான் படிக்க மறந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சபையில் நம் மறதிக் கூட்டத்தைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்கு நீளமாக ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள், யாருக்கும் ஞாபகம் இல்லை. கூடத்தின் கூரைப் பூச்சு உதிர்கிறதாம், பழுது பார்க்கும்வரை அவரவர் வீட்டிலிருந்தே திரையில் கூடிக்கொள்ள வேண்டுமாம். செயலாளர் அம்மா சொன்னபோது தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் பொறி தட்டியது. அதே கூடத்தைச் சனிக்கிழமைகளில் கல்யாண வரவேற்புக்கு விடுகிறார்களே? பூச்சு என்ன ஆள் பார்த்தா விழும்?

கூடத்தில் இருந்தபோது ஒரு முறை இருந்தது. மறந்தவர்கள் பெரிய அறையில் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர்கள் பக்கத்துச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவோம், திட்டுவோம், சிரிப்போம். வாத்தியார் தன் மனைவி பல் செட்டை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்த கதையைச் சொன்னது அங்கேதான். திரையில் ஒரே அறை. பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றி என்ன பேசுவது? எல்லோரும் "நல்லாயிருக்கோம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

நீ அனுப்பிய டேப்லெட்டைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்துவைத்தேன். முதல் நாள் அரை மணி நேரம் என் நெற்றி மட்டும் தெரிந்ததாம். "அண்ணே, கொஞ்சம் கீழ எறங்குங்க" என்று செயலாளர் அம்மா கத்த, நான் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அப்போது என் படமே காணோம். பாட்டைப் பற்றிக் கேட்காதே. ஆளுக்கொரு வேகம். நாங்கள் ஆமென் சொன்ன பிறகும் பேக்கரிக்காரர் இரண்டாவது சரணத்தில் இருந்தார்.

அம்மா சாந்தமாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். முதியோர் இல்லம், கில்லம் என்று பேச்செடுக்காதே. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். திரையில் கடைசி மூலையில் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறது. முகம் இல்லை, பேச்சு இல்லை. கீழே "விருந்தினர்" என்று எழுதியிருக்கிறது. யார் என்று கேட்டால் செயலாளர் அம்மா இருமுகிறார். நீ இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் தெரிந்தவள். முகம் காட்டாத விருந்தினர் எதற்கு வருவார்?

அப்பா


ஜூன் 13

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி படித்தேன், இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

"சாந்தமாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்." இதே கடிதத்தின் மேல்பாதியில் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பிழைப்பு நடத்துவதே இப்படிப்பட்ட காகிதங்களைப் படித்துத்தான். காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிற மனுக்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். உங்கள் கடிதத்திலும் போட்டிருக்கிறேன். மன்னியுங்கள், கை பழகிவிட்டது.

கூட்டத்தில் அம்மா ஏன் படத்தில் இல்லை? மற்ற எல்லோரும் ஜோடியாகத் தெரிகிறார்கள். வாத்தியார் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நீங்கள் மட்டும் நடுவில், தனியாக, போட்டோ பிடிக்க வந்தவர் மாதிரி. நீலச் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு உட்காரத் தெரிந்த மனிதருக்கு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தெரியாதா? அவள் அறையில்தான் இருக்கிறாளா? யாராவது கேட்டால் "இதோ பக்கத்துலதான் இருக்கா" என்று இடது பக்கம் கை காட்டுகிறீர்களாம். செயலாளர் அம்மா சொன்னார்.

இல்லத்தைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். போய்ப் பார்த்தேன். அறைக்கு அறை ஜன்னல் இருக்கிறது. அலுவலகம் முடிந்து தினமும் போய்ப் பார்க்க முடியும். உங்களால் தனியாக முடியவில்லை என்று நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். ஒரே ஒருமுறைகூடச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்


ஜூன் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீலச் சட்டை போட்டேன் என்று நான் உனக்கு எழுதவில்லையே?

என்னிடமும் ஒரு பென்சில் இருக்கிறது. செயலாளர் அம்மா சொல்லியிருப்பார் என்று சமாளிக்காதே. அந்த அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் நீலமும் பச்சையும் ஒன்றுதான். போகட்டும். நாற்பது வருஷம் ஊரார் தலையில் கை வைத்துப் பிழைத்தவன் நான். நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறானா, என் கத்தியைப் பார்க்கிறானா என்று முதுகுக்குப் பின்னாலிருந்தே தெரிந்துகொள்வேன். கறுப்புச் சதுரத்துக்குள் யாரோ என்னைப் பார்க்கிறார்கள். அவ்வளவு தெரிகிறது.

ஆனால் இப்போது என் கவலை வேறு. உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

உன் அம்மா என் பக்கத்தில் உட்காருவதில்லை. அது உண்மை. நான் நாற்காலியை இழுத்தால் அவள் தன்னுடையதை இன்னும் தள்ளிப் போட்டுக்கொள்கிறாள். மேசை மூலையில், படத்துக்கு வெளியே, திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறாள். மழைக்காலத்திலிருந்தே நான் அவளுக்கு "ஏய்யா"தான். "ஏய்யா, தண்ணி குடு." "யாருய்யா நீ, எதுக்கு எப்பப் பாத்தாலும் இங்கயே நிக்கற?" அதற்கு நான் பழகிவிட்டேன். ஏழை வீட்டில் விருந்தாளி மாதிரி என் வீட்டில் நான் இருக்கிறேன்.

போன கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும், மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்னங்க..."

எத்தனை மாதமாயிற்று தெரியுமா அந்தக் குரலைக் கேட்டு? "என்னம்மா?" என்று சட்டென்று திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே சிரிப்பு. "உங்களைத்தாங்க. சாப்டீங்களா?"

திரையில் எனக்கு அடுத்த சதுரத்தில் யார் தெரியுமா? பேக்கரிக்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைதான் கூட்டி வருகிறார். அவருக்கும் மறதிதான், ஆனால் மீசை மறக்கவில்லை, முறுக்கியே வைத்திருக்கிறார். என் மனைவி "சாப்டீங்களா" என்று கேட்க, அவர் கையை ஆட்டி, "ஆச்சும்மா, நீங்க?" என்கிறார்! கூடத்தில் இருந்த காலத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்கள் என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஞாபக சக்தியைக் குறை சொல்லாதே, அது வர வேண்டாத நேரத்தில் சரியாக வந்துவிடும்.

நேற்று முழுக்க அவளைக் கவனித்தேன். டேப்பை மூடி வைத்திருந்தேன். பத்து தடவை அதன் பக்கம் போய்த் துணியை விலக்கிப் பார்க்கிறாள். "அவர் எப்ப வருவார்?" என்றாள். "யார்?" என்றேன். "உனக்கெதுக்குய்யா?" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம், அதுவும் சபைக் கூட்டத்தில், ஜெபத்துக்கும் காணிக்கைப் பாட்டுக்கும் நடுவில்! யாரிடம் போய்ச் சொல்வேன்? போதகரிடம் சொன்னால் எனக்காக ஜெபிப்பார், எல்லோர் காதிலும் விழும்படி.

அப்பா


ஜூலை 1

அப்பாவுக்கு,

கறுப்புச் சதுரம் நான்தான்.

முதல் வாரத்திலிருந்தே. செயலாளர் அம்மாவைக் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கினேன், அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் போனில் எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நகைச்சுவையைச் சொல்லி என்னைச் சிரிக்கவைத்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கூட்டம் திரைக்கு மாறுகிறது என்று கேட்டபோது, வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒளிந்து பார்த்தது தப்புதான். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

பேக்கரிக்காரரைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரிப்பு வந்தது. நீங்கள் எழுதாமல் விட்டதை நினைத்து உடனே போய்விட்டது. அதே கூட்டத்தில், "சாப்டீங்களா" என்று கேட்ட பிறகு, அம்மா இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் அவசரமாக எழுந்து, மைக்கை அணைப்பதற்காகத் திரை முழுக்க விரலால் குத்திக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனித்தேன்.

"என்னங்க, இந்த ஆள் என்னைப் பூட்டி வைக்கிறான். சாவியை இடுப்புலயே வெச்சிருக்கான். வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

அப்பா, நீங்கள் அம்மாவைப் பூட்டி வைக்கிறீர்களா?

எத்தனையோ வீடுகளின் கதையை நான் மேசையில் படித்திருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான், களைத்துப்போய் என்னென்னவோ செய்துவிட்டு, கேட்டால் வேடிக்கையாகப் பேசுவார்கள். அந்த வரிசையில் உங்களை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் படத்துக்கு வெளியே இருந்தே பேசுகிறாள். கையில் காயம் இருக்கிறதா, இளைத்துவிட்டாளா, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கேட்கிறது ஒரு குரல் மட்டும்தான், அந்தக் குரலும் காப்பாற்றச் சொல்கிறது.

இல்லத்தில் அறையை எடுத்துவிட்டேன். இருபதாம் தேதிக்குள் சேர்க்க வேண்டும். பதினெட்டாம் தேதி காரோடு வருகிறேன். அதற்கு முன்னால் வருகிற கூட்டத்தில் அம்மாவைப் படத்துக்குள் உட்காரவையுங்கள். அவளை முழுசாக நான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பதினெட்டுவரைகூடக் காத்திருக்க மாட்டேன்.

உங்கள் மகள்


ஜூலை 8

மகளுக்கு,

பூட்டுகிறேன்.

சாவி இடுப்பில்தான் இருக்கிறது. குளிக்கப் போனாலும் இருக்கிறது. நீ கேட்டது அதுதானே, பதில் அதுதான். இனி ஏன் என்று எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

கூடம் மூடிய இரண்டாவது வாரம், நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அவளைக் காணோம். தெருத் தெருவாகச் செருப்பில்லாமல் ஓடினேன். கடைசியில் எங்கே இருந்தாள் தெரியுமா? என் பழைய சலூனில். அது இப்போது செல்போன் கடை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, "முடி வெட்டுறவரை எங்க? எங்க வீட்டுக்காரர். கூப்பிடுங்க, சாப்பாட்டு நேரமாச்சு" என்று அந்தப் பையன்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடுவில் நான்கு வழிச் சாலை ஒன்று இருக்கிறது, உனக்கே தெரியும். "இதோ நான் வந்துட்டேன்மா" என்றேன். என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இந்த ஆள் பின்னாலயே வர்றான்" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் இப்போது உன் கடிதத்திலும் இருக்கிறது.

அன்றிலிருந்து பூட்டுகிறேன். சின்ன அறை இருந்திருந்தால் அங்கே சொல்லியிருப்பேன். வாத்தியார் தானும் பூட்டுகிறேன் என்றோ, பூட்டாதீங்க அண்ணே, இப்படிச் செய்யுங்க என்றோ சொல்லியிருப்பார். திரைக்கு முன்னால், அவள் காதுக்கு நேராக, "என் மனைவியை வீட்டில் வைத்துப் பூட்டுகிறேன்" என்று எப்படிச் சொல்வேன்? போனில் உன்னிடம் சொல்லலாமென்றால் கதவுக்குப் பின்னால் அவள். அதனால்தான் ஜோக்கு. வேறு சரக்கு என்னிடம் இல்லை.

இனி நேற்றைய கூட்டம். நீ சொன்னபடி அவளைப் படத்துக்குள் கொண்டுவந்தேன். தலை வாரி, பவுடர் போட்டு, நாற்காலியோடு அவளை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீ உன் சதுரத்திலிருந்து பார்த்திருப்பாய், அவள் திரையைப் பார்த்தாள், முகம் சிவந்தது, எழுந்து போய்விட்டாள். நான் அவள் பின்னால் ஓடினேன். அதற்கு மேல் நடந்த பேச்சு உனக்குக் கேட்டிருக்காது. முதலில் திரைக்கு நாற்காலிதான் தெரிந்திருக்கும்.

படுக்கையறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சும்மா?"

"யாருய்யா அந்தக் கிழவி?"

"எந்தக் கிழவி?"

"அவர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே, நரைச்ச தலை. வெக்கமா இல்ல அவளுக்கு? சபையில, எல்லாரும் பாக்க!"

பேக்கரிக்காரரின் தங்கையைச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். ரகசியமாக ஒரு சந்தோஷம்கூட வந்தது, ஆண்டவர் மன்னிப்பாராக. மைக்கை அணைத்து டேப்பை எடுத்து வந்து, இருவரும் தெரிகிற மாதிரி முன்னால் நீட்டி, "யாருன்னு காட்டு" என்றேன். பேக்கரிக்காரர் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம் இருக்க, அவள் விரல் நேராக வந்து என் மேல் நின்றது. இந்த என் மேல் இல்லை பாப்பா, சதுரத்துக்குள் இருக்கிற என் மேல்.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்றாள். "நல்லா சட்டை போட்டிருக்கார் பாரு. சவரம் பண்ணியிருக்கார். ஒன்ன மாதிரியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கிழவி அவளேதான். கூட்டத்துக்கு மட்டும்தான் நான் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டுகிறேன். மற்ற நாளெல்லாம் பனியன், நரைத் தாடி, கையில் கசப்பு மாத்திரை, இடுப்பில் சாவி. கேஸை அணை, கத்தியை வை, அங்கே போகாதே என்று பின்னாலேயே சுற்றுகிற ஆள். திரையில் இருக்கிறவரோ வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், சிரிக்கிறார், ஒன்றும் செய்யச் சொல்வதில்லை. எனக்கே அவரைத்தான் பிடிக்கும். மூன்று வாரமாக நான் பொறாமைப்பட்டது என் மேலேயேதான். பேக்கரிக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அவர் மனசுக்குள் மறந்துவிட்டிருப்பார்.

பாப்பா, பதினெட்டாம் தேதி நீ வா. தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் முகத்தைக் காட்டி உட்கார். அவளை மேசைக்கு முன்னால் தனியாக உட்காரவைத்துவிட்டு, நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், அதிலிருந்து திரைக்குள் வருகிறேன். பிறகு சதுரத்துக்குள் இருக்கிறவர் அவளைக் கேட்கட்டும், இல்லத்துக்குப் போகிறாயா என்று. நான் நேரில் கேட்டால் பயந்து பதில் சொல்வாள். நீ கேட்டால், அவளுக்கு நீ யாரென்று தெரியாது. அவரிடம் பொய் சொல்ல மாட்டாள். அவள் போகிறேன் என்றால் சாவியை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. என் மகள் இவ்வளவு கவனமாகச் சந்தேகப்படுகிறாளே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

அப்பா


ஜூலை 15

அப்பாவுக்கு,

கூட்டம் முடிந்ததும் போன் செய்ய நினைத்தேன். பிறகு கதவுக்குப் பின்னால் நிற்கிற அம்மா ஞாபகம் வந்தது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் தபால் பெட்டிகள் தெரிந்தன. வீட்டுக் கதவைப் பூட்டாமல் திறந்துவைத்து, இறங்குகிற வழியில் நீங்களே உட்கார்ந்துகொண்டீர்கள், இல்லையா? கேட்காமலே தெரிந்தது. முதன்முறையாகப் பென்சிலைக் கீழே வைத்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். நேருக்கு நேர். நான் "அம்மா" என்றேன். அவள் உங்களிடம் சொன்னாள்: "யாரு பெத்த பொண்ணோ, பாவம், கண்ணெல்லாம் சுருங்கிப்போயிருக்கு. தூங்கச் சொல்லுங்க அதை." வாத்தியார் மூக்கைச் சிந்தினார். மைக் திறந்திருந்தது.

பிறகு நீங்கள் கேட்டீர்கள். ஒளிவு மறைவு இல்லாமல் கேட்டீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல இடம், ஜன்னல் உண்டு, பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு, பெண் பக்கத்திலேயே இருப்பாள் என்று எனக்காக வாதாடினீர்கள். நானே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"நீங்க இருப்பீங்களா அங்க?" என்றாள்.

"வந்து வந்து போவேன்மா. இப்ப வர்ற மாதிரி."

"அப்ப சரி." உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் திரையில் வேறு எங்கோ பார்த்தேன். அப்புறம் அவளே கேட்டாள்: "அந்த ஆள் என்ன பண்ணுவான்?"

"எந்த ஆள்?"

"இங்க ஒருத்தன் இருக்கானே. பூட்டிப் பூட்டி வைப்பான். சந்தேகப் பிராணி. சமையல்ல உப்பு இருந்தா உறைப்பு இருக்காது, உறைப்பு இருந்தா வேகவே வெச்சிருக்க மாட்டான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டில் இருக்கிற உங்கள் காதில் விழக்கூடாது என்று. "ஆனா தலை வாரி விடுறான். ஒரு முடி இழுபடாது. யார்கிட்ட கத்துக்கிட்டானோ. அவனை நிறுத்திடாதீங்க. நான் போயிட்டா இந்தக் கிழவனுக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

என் வேலையில் ஒரு சாட்சியை எப்போது முழுசாக நம்பலாம் என்று கேட்பார்கள். யாருக்காகவும் பேச வேண்டிய அவசியம் இல்லாதவர் பேசும்போது நம்பலாம். அவள் உங்களைத் திட்டிவிட்டுத்தான் உங்களுக்காகப் பேசினாள். யாரென்றே தெரியாத ஆளுக்காக.

அறையை விட்டுவிட்டேன். ஆனால் என் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பூட்டு வேண்டாம். கதவைத் திறந்தால் சத்தம் போடுகிற மணி ஒன்று விற்கிறது, வாங்கிக்கொண்டு வருகிறேன். செயலாளர் அம்மாவிடம் பேசிவிட்டேன். இனிக் கூட்டம் முடிந்ததும், பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும் வேறு ஒரு நேரத்தில் தனியாகக் கூடுவார்கள். உங்கள் சின்ன அறை. அந்த நேரத்துக்கு அம்மாவோடு உட்கார வாத்தியாரின் மருமகள் வருகிறாளாம். நீங்கள் அங்கே போய் ஜோக் அடிக்காமல் பேச வேண்டும். அடித்தால் எனக்குத் தகவல் வரும்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். அம்மாவைக் கூட்டிப் போக இல்லை. பத்து நாள் இருக்க.

உங்கள் மகள்


ஜூலை 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கிளம்புவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று இப்போதே தபால் நிலையத்துக்குப் போகச் செயலாளர் அம்மாவை வாசலில் நிற்கவைத்துவிட்டு எழுதுகிறேன். கூரையை அண்ணாந்து பார்த்தபடி இருமிக்கொண்டிருக்கிறார். கூடத்தைப் பற்றி இன்றைக்கும் கேட்டேன். அடுத்த மாதம் சரியாகிவிடுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் என்றைக்கும் உன்னிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். தனியாக முடியவில்லை. சொல்லியாயிற்று. இனி வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டாயானால், உன்னையே கொண்டுவா. அந்த மணியையும்.

வந்து இறங்குகிற விதத்தைக் கவனமாகக் கேள். நேராக வாசலுக்கு வந்துவிடாதே. புது முகம் கதவில் நின்றால் அன்றைய நாள் முழுக்கப் பாழ். தெருமுனை மருந்துக் கடையில் நின்று, போனிலிருந்து திரைக்குள் வா. நான் சட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தயாராக இருப்பேன். சதுரத்துக்குள் இருந்து உன்னை அவளுக்கு அறிமுகப்படுத்துகிறேன். நம்ம வீட்டுக்குப் பத்து நாள் தங்க ஒரு பெண் வருகிறாள், நல்ல பெண், தூக்கம் போதாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அவர் சொன்னால் கேட்பாள். யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னால் இன்னும் சந்தோஷமாகக் கேட்பாள். அதற்குப் பிறகு நான் மேலே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு வந்து உனக்குக் கதவைத் திறக்கிறேன்.

கதவைத் திறந்ததும் என்னை "அப்பா" என்று கூப்பிட்டுவிடாதே. அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். "பெரியவரே" என்று கூப்பிடு, பெட்டியை என் கையில் கொடு. என்னைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தால், தெருமுனையில் நிற்கும்போதே திரையைப் பார்த்து அழுதுவிட்டு வா. நானும் படியிலேயே முடித்துக்கொள்கிறேன்.

அப்பா